கயிறு பிடிக்கிற ஆள்

பாறைக்குழித் தண்ணீருக்குள் முங்கி வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒருவர் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்திருக்கிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்? அன்னவாசலுக்கு மேற்கே கரட்டடியில் இருந்த பதினோரு குடிசைகளில் ஒருவரும் நம்பவில்லை. செவந்தி கொஞ்சமும் நம்பவில்லை.

வந்தவர் பேர் பெரியகருப்பன். திருமயத்துப் பக்கம், மலேயாவில் பாதி ஊரில் பாதி என்று வாழ்கிற செட்டியார் வீட்டுப் பிள்ளை. வயது இருபத்தேழு இருக்கும். அந்தப் பாறைக்குழியே புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்தில் அவருடைய அப்பா குத்தகைக்கு எடுத்து வெட்டியதுதான். பாலத்துக்கும் சத்திரத்துக்கும் கல் போய்க்கொண்டிருந்த நாளில் நூறு பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். குழிக்குள் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டி ஓடியது. கிழக்குக் கரையில் பாரந்தூக்கி ஒன்று நின்றது. ஒரு ஐப்பசியில் வெடி வைத்த இடத்தில் ஊற்று உடைத்துக்கொள்ள, மேலே மழையும் கீழே ஊற்றுமாக நான்கே நாளில் குழி நிறைந்துவிட்டது. இறைத்துப் பார்த்தார்கள், வற்றுவேனா என்றது. பெரிய செட்டியார் கையை உதறிக்கொண்டு போனவர், பாரந்தூக்கியில் வேலை பார்த்த ஐயனாரை மட்டும் காவலுக்கு இருக்கச் சொன்னார். அந்த ஐயனார் செவந்தியின் புருசன்.

சமஸ்தானம் போய்ப் பதிமூன்று வருசம் ஆயிற்று. காவல் காக்க அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஐயனார் கரட்டின் மறுபுறம் கல் உடைக்கப் போவான். செவந்தி வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து ஜல்லி தட்டுவாள். இரண்டு பேருக்கும் அரைவயிறு கஞ்சிக்கு அது போதும். பிள்ளை இல்லை. பிள்ளை மாதிரி இருந்தவன் ஒருவன் உண்டு, அவள் தம்பி மதுரைவீரன். அப்பனும் ஆத்தாளும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. இடுப்பில் தூக்க முடியாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் ஐயனாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

கீரனூர்ப் பக்கத்தில் கிணறு வெட்டுகிற குடும்பம் அவர்களுடையது. வீரனும் அந்த வேலைக்கே போனான். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்க, தூர்ந்த ஊற்றைத் தோண்டிவிட என்று சுற்று வட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் போனால் மேலே நிற்கிறவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும்வரை வரமாட்டான். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், செவந்தி சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பியபோது அவன் இல்லை. மணமேல்குடிப் பக்கம் போய்த் தோணி ஏறிச் சிலோனுக்குப் போய்விட்டான் என்று ஐயனார் சொன்னான். அந்த வாரம் மச்சானுக்கும் மைத்துனனுக்கும் வாய்ச்சண்டை. வீரன் அன்னவாசலில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தனியாகப் போகவேண்டும் என்றான், ஐயனார் கூடாது என்றான். கோபித்துக்கொண்டு போயிருப்பான் என்று ஊர் சொல்லிற்று. அப்போதெல்லாம் சிலோனுக்குப் போவது அதிசயமில்லை. ஆனால் வாங்கி ஒருமுறைகூட உடுத்தாத வேட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டு ஒருவன் அக்கரைக்குப் போவானா? செவந்தி அதை யாரிடமும் கேட்கவில்லை. தபால்காரர் சைக்கிள் வண்டிப்பாதையில் தெரிந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பாள். அவர் திரும்பாமல் நேரே போய்விடுவார்.

இந்த நிலையில்தான் மாசி மாதத்தில் ஒருநாள் பெரியகருப்பன் வாடகைக் காரில் வந்து இறங்கினார். பின்னால் மாட்டுவண்டியில் இரண்டு இரும்பு உருளைகள், ரப்பரில் செய்த வாத்துப் பாதம் ஒரு ஜோடி, கண்ணாடி வைத்த முகமூடி, ஒரு பெட்டி நிறையக் கயிறு. உருளைக்குள் காற்றை அழுத்தி அடைத்து மெட்ராஸிலிருந்து கொண்டு வந்திருக்கிறாராம். முதுகில் கட்டிக்கொண்டு அதை உறிஞ்சி மூச்சு விட்டால் அரைமணி நேரம் தண்ணீருக்கடியில் நடமாடலாமாம். பினாங்கில் வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டமாகப் போய்க் கடலுக்குள் இறங்குவார்கள், அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டாராம். தங்கை கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ஒரு மாதம் சும்மா இருக்கவேண்டியிருக்கிறது. ஆறு வயதில் அப்பாவோடு வந்தபோது அந்தத் தள்ளுவண்டியில் தன்னை உட்கார வைத்துத் தள்ளினார்களாம். அது இப்போது தண்ணீருக்கடியில் தண்டவாளத்தின் மேலேயே நிற்குமா என்று ஒரு தடவை பார்க்கவேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

அடுத்த குடிசை முத்தாளுக்கு இதைக் கேட்டதும் சிரிப்புத் தாங்கவில்லை. வண்டி பார்க்கிறதாவது, வாத்துக்கால் மாட்டுகிறதாவது. சமஸ்தானத்தைக் கொடுத்துவிட்டுப் போன நேரத்தில் அரண்மனை ஆட்கள் பெட்டி பெட்டியாக எங்கெங்கோ தண்ணீரில் போட்டார்கள் என்று அவள் மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். செட்டியாருக்குத் துப்புக் கிடைத்துவிட்டது, பார்த்துக்கொண்டே இரு என்றாள். மேலக் குடிசைக்காரர்கள் இவர் செட்டியாரே இல்லை, மாறுவேசத்தில் வந்த போலீஸ் என்றார்கள். 

செவந்திக்கு வேறு ஒன்று உறுத்தியது. அந்த மனிதர் ஐயனாரை வாங்க போங்க என்றார். முதலாளி வீட்டுப் பிள்ளை ஒரு கல்லுடைக்கிறவனுக்கு மரியாதை கொடுத்துப் பேசினால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

வந்தவர் தண்ணீரில் இறங்கினால் சந்தேகம் பாதி தீர்ந்திருக்கும். மூன்று நாளாக அவர் கால்கூட நனைக்கவில்லை. நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். தண்ணீர் எந்த மாதம் தெளியும், எந்த மாதம் கலங்கும்? அடியில் மணலா சேறா? எந்தப் பக்கம் படி இருக்கிறது, எந்தப் பக்கம் செங்குத்து? பாறைக்கு உள்ளே குடைந்து போன இடம் உண்டா? களைத்துப்போனவன் எந்த இடத்தில் சுலபமாகக் கரை ஏறலாம்? புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் எவ்வளவு நேரம்? வேடிக்கை பார்க்கப் போகிறவன் ஆஸ்பத்திரியை விசாரிப்பானா என்று முத்தாள் செவந்தியின் தொடையைக் கிள்ளினாள்.

ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தார். இருபத்திரண்டு அடிவரை தட்டுத் தெரிந்தது. அதற்குக் கீழே போனால் நம் கையே நமக்கு மங்கல்தான் என்று எழுதிக்கொண்டார். ஈயக்குண்டு கட்டிய நூலை விட்டு ஒவ்வொரு இடமாக ஆழம் பார்த்தார். ஐயனார்தான் கூடவே நின்று நூலை விட்டுக்கொடுத்தான். தெற்கே முப்பது, நடுவில் நாற்பத்தைந்து, மேற்கே இருபது. படியில் உட்கார்ந்து ஜல்லிக்குக் கல் பொறுக்குகிற சாக்கில் செவந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுபோய் வைத்தாள். கட்டுமாவடி மீன்கூடைக்காரி கொடுத்த நெத்திலி. செட்டியார் வீட்டில் நுழையாத சாப்பாடு அது. பெரியகருப்பன் பாறைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல, இதற்குள் யாராவது செத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"ஆடு ஒண்ணு விழுந்துச்சுங்க," என்றான் ஐயனார்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் தலையைச் சொறிந்து, வானத்தைப் பார்த்து, வாய்க்குள் இரண்டு தரம் மென்று அதற்கப்புறம் பேசுகிற மனிதன் ஐயனார். எந்த ஆடு, யாருடைய ஆடு என்று செவந்தி யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒரு ஆடு விழுந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அன்று பிற்பகல் கிழக்கு மூலை மட்டும் பாக்கி இருந்தது. பழைய பாரந்தூக்கியின் அடிக்கட்டை நிற்கிற இடம். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் சேறு, வெயில் சாய்ந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்றான் ஐயனார். பார்க்காத இடம் ஒன்றைப் பின்னால் வைத்துக்கொண்டு தான் இறங்குவதில்லை என்று சிரித்தபடி பெரியகருப்பன் தாமே போய்க் குண்டை விட்டார். முப்பத்தெட்டு அடியில் அது எதிலோ மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார், வரவில்லை. ஐயனார் அரிவாளை எடுத்து நூலை ஒரே வெட்டாக வெட்டிவிட்டான்.

"வேருங்க. பழைய வேரு. மாட்டுனா வராது."

"பாரந்தூக்கியோட கம்பி வடம் இங்கிட்டுதானே இருந்துச்சு?"

"அதெல்லாம் அப்பவே மேல எடுத்தாச்சுங்க."

பெரியகருப்பன் நோட்டில் அந்த மூலைக்கு நேரே ஒரு வட்டம் போட்டார். செவந்தி கல்லைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கரட்டைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு வேலிக்கருவையும் ஆவாரஞ்செடியும் தவிர வேறு மரம் கிடையாது. நாற்பதடி ஆழத்துக்குப் பாறைக்குள் வேர் விட எந்த மரத்தால் முடியும்?

சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதையே புருசனிடம் கேட்டாள். அவன் பீடியைப் பற்றவைத்து, அணைத்து, மறுபடி பற்றவைத்தான். பாறைக்குள் என்னென்னவோ இருக்கும், உனக்கென்ன தெரியும் என்றான். கேட்டுக்கொண்டே இருந்ததில் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டுக்கு முன்னால் அவ்வளவு தண்ணீர் கிடக்க, இந்த மூன்று வருசமாக அவன் அதில் குளித்ததில்லை. கண்மாய்க்குத்தான் நடந்து போகிறான். ஏன் என்று அவள் கேட்டதும் இல்லை. அன்று ராத்திரி அவள் தன் சோற்றை அப்படியே மூடி வைத்தாள். இந்தச் செட்டியாரும் தன் புருசனும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களா, இல்லை செட்டியாருக்கே தெரியாமல் புருசன் மட்டும் மறைக்கிறானா என்று மாற்றி மாற்றி நினைத்தாள். இரண்டாவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் பெரியகருப்பன் இறங்குவதாக முடிவு செய்தார். வெயில் நேரே விழுகிற பதினோரு மணிக்கு இறங்க வேண்டும். தெற்குப் பக்கம் மட்டும்தான், கிழக்கே போகப்போவதில்லை. உருளையில் பாதிக் காற்று தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் கலங்கினால் அந்த நிமிசமே மேலே வரவேண்டும். பினாங்கில் இரண்டு பேராகத்தான் இறங்குவார்களாம், இங்கே இரண்டாவது ஆள் இல்லாததால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார், மேலே ஐயனார் கயிறு பிடிக்க வேண்டும். கார் மேட்டிலேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னார். இறங்குகிறவரோ கயிறு பிடிக்கிறவரோ மனசு சரியில்லை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்காமல் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஐயனார் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று சொல்ல அவன் வாய் இரண்டு தடவை திறந்ததைச் செவந்தி பார்த்தாள்.

"இப்ப கயித்துப் பாஷை," என்றார் பெரியகருப்பன். "தண்ணிக்குள்ளேர்ந்து பேச முடியாதுல்ல. ஒரு தடவ இழுத்தா, நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு தடவ இழுத்தா கயிறு பத்தல, விடுங்கன்னு அர்த்தம். நாலு தடவன்னா ஒடனே தூக்கிரணும். திருப்பிச் சொல்லுங்க ஐயனாரு."

ஐயனாரின் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்தது. தெரிந்த விசயத்தைக் கேட்டுவிட்டார்கள் என்ற நிம்மதி. "ரெண்டுன்னா விடணும்யா. அது நமக்குப் பழக்கந்தேன். பாரந்தூக்கியில நாங்க அப்படித்தான் வச்சிருந்தோம். கீழ நிக்கிறவன் ரெண்டு வெட்டு வெட்டி இழுத்தா வடத்த எளக்கி விட்ருவோம்."

செவந்தி கூழ்ப்பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் மனக்குமைச்சலில் அவளுக்குத் தானாக வாய் வந்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரு விசயத்தில் இரண்டு ஆம்பிளைகள் தப்பாகப் பேசினால் எந்தப் பொம்பிளைதான் சும்மா இருப்பாள்?

"அது எந்த ஊரு வழக்கம்? ரெண்டுன்னா தூக்குறது. எங்கப்பன் கெணத்துல எறங்குனா நாந்தேன் மேல கயித்தப் பிடிச்சு ஒக்காந்திருப்பேன். ஒண்ணுன்னா விடு, ரெண்டுன்னா தூக்கு. கெணறு வெட்டுற வீட்டுல பெறந்த பிள்ளைக்கு நடக்க முந்தி அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க."

ஐயனார் அவளைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டுன்னா தூக்கா?"

"பெறகு?"

"வீரனுக்குமா?"

அந்தப் பெயரை அவன் சொல்லி மூன்று வருசம் ஆகியிருந்தது. செவந்தியின் கை பானை விளிம்பிலேயே நின்றுவிட்டது. "அவனுக்கும் எங்கப்பன்தான பழக்கி விட்டுச்சு," என்றாள்.

ஐயனார் உட்கார்ந்தான். நின்ற இடத்திலேயே, வெயிலில் காய்ந்த பாறைமேல் உட்கார்ந்தான். கையிலிருந்த கயிற்றுச் சுருள் நழுவிப் படியில் உருண்டது.

"அஞ்சு தடவ இழுத்தான் செவந்தி. ரெண்டு ரெண்டா அஞ்சு தடவ. கயிறு பத்தலன்னு கேக்குறான்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் விட்டேன்."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. கிழக்கு மூலையைப் பார்த்தாள்.

பிறகு எல்லாம் வந்தது. மென்று விழுங்காமல், வானத்தைப் பார்க்காமல் அவன் சொன்னான். பாரந்தூக்கியின் வடமும் கப்பியும் மேலே எடுக்கப்படவில்லை, கிழக்கு மூலையில் சரிந்து விழுந்து கிடந்தன. கல்யாணம் கட்டித் தனிக்குடிசை போட வேண்டும், அந்தக் கப்பியை எடுத்து விற்றால் ஆகும் என்று வீரன்தான் கேட்டிருக்கிறான். சண்டை போட்ட மச்சானுக்கும் மனசு இளகி, காவல்காரனே கூட நின்று கயிறு பிடித்திருக்கிறான். தென்னங்கயிறு, நூறடி நீளம். இரண்டு பேரும் பேச வேண்டியது எல்லாம் பேசினார்கள். இரும்பை யாரிடம் விற்பது, எந்த வழியாகக் கொண்டுபோவது, முதலாளிக்கு என்ன சொல்வது என்றெல்லாம் பேசினார்கள். எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் பேசவில்லை. அதைப் பேச வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அவனவன் வேலையில் அவனவனுக்கு அது தெரிந்ததுதானே. கயிறு முழுவதும் போனபிறகு அசைவு நின்றது. இழுத்தான், வரவில்லை. தானும் குதித்தான், பத்தடிக்கு மேல் போக முடியவில்லை. திருட்டு இரும்பு, காவல்காரனே கூட்டு, ஆளும் செத்துப்போனான். கைவிலங்குக்குப் பயந்தான், அதைவிடச் செவந்திக்குப் பயந்தான். கையிலிருந்த, முடிச்சுப் போட்ட கயிற்று நுனியைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு வந்து சிலோன் என்று சொன்னான்.

செவந்திக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அது அவனைக் கொன்றுவிட வேண்டும் என்கிற அளவுக்கு வந்தது. ஆயிரம் நாள் தபால்காரர் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தானே இவன். மூன்று வருசம் வாய் கூசாமல் பொய் சொன்னவன் இன்றைக்கு மட்டும் மெய் சொல்கிறான் என்று என்ன நிச்சயம்? சண்டை போட்ட வாரம் அது. அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது.

"கயித்த அறுத்தியா?" என்றாள்.

"இல்ல."

"நேத்து நூல அறுத்தியே, அதே அருவாத்தான அன்னைக்கும் ஒன் இடுப்புல இருந்துச்சு?"

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

பெரியகருப்பன் முகமூடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். இன்றைக்கு இறங்கப்போவதில்லை என்றார். காலையில் போட்ட திட்டமெல்லாம் வேறு ஒரு குழிக்குப் போட்டது, இது அந்தக் குழி இல்லை என்றார். செவந்தி வழியை மறித்து நின்றாள். நாலு நாளாக இந்த ஆள் எப்போது போவார் என்று இருந்தவள்தான். இப்போது நீங்கள் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றாள். தம்பியைத் தூக்க வேண்டாம், தொடவும் வேண்டாம், பார்த்துவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னால் போதும். அந்தக் கயிறு அறுந்திருக்கிறதா இல்லையா?

அவர் நோட்டைத் திறந்து கிழக்கு மூலையில் போட்ட வட்டத்தைப் பார்த்தார். நாளை என்றார். பார்த்து வந்தபிறகு ஐயனார் தாமே மணியகாரரிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதற்குச் சம்மதமானால் இறங்குகிறேன் என்றார். ஐயனார் கும்பிட்டான்.

அன்று காரை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்க் கம்பி வெட்டுகிற குறடு ஒன்று வாங்கி வந்தார். கெண்டைக்காலில் ஒரு கத்தி கட்டிக்கொண்டார். வடத்துக்கு ஒரு கை தூரத்துக்குள் போகப்போவதில்லை, பத்து நிமிசத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று கணக்குச் சொன்னார். மறுநாள் காலையில் இரண்டாவது உருளையைக் கயிற்றில் கட்டிப் பதினைந்தடியில் தொங்கவிட்டார். ஏதாவது ஆகி முதல் உருளை தீர்ந்தாலும் அங்கே வந்து மூச்சு விடலாம். எல்லாம் முடிந்தபிறகு புருசன் பெண்சாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்காமல் கேட்டது செவந்திக்குப் புரிந்தது.

"நான் பிடிக்கிறேன்," என்றாள். "ஆனா ரெண்டுன்னா தூக்குறதுதேன். அத மாத்துனா என் கைக்கு வராது. ஒண்ணுன்னா விடுவேன்."

"நான் மாத்திக்கிறேன் ஆத்தா," என்றார் பெரியகருப்பன். "ஒண்ணு விடு, ரெண்டு தூக்கு." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அதை மூன்று தடவை சொன்னார். அவளையும் சொல்லச் சொன்னார். பிறகு ஐயனாரையும் சொல்லச் சொன்னார். அவன் வாய்க்குள் முணுமுணுத்தான். அவர் விடவில்லை, இன்னொரு தடவை உரக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தூக்கும்போது அவசரப்படக் கூடாது, நிறுத்தி நிறுத்தித் தூக்க வேண்டும் என்றார்.

பதினோரு மணிக்கு இறங்கினார். குடிசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் மேட்டில் வந்து நின்றார்கள். புதையல் பெட்டி எப்போது வரும் என்று பார்க்க வந்த முத்தாள் விசயம் தெரிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு கிழக்கு மூலைக் கரையிலிருந்து விலகி நகர்ந்தன. செவந்தி பாரந்தூக்கிக் கட்டையில் காலை முட்டுக்கொடுத்துக் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அதே கயிற்றின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஐயனார் நின்றான். அவன் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவன் கை எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அரிவாளைக் காலையிலேயே அவள் கூரைக்குள் செருகி வைத்துவிட்டாள்.

ஒரு இழுப்பு வந்தது. விட்டாள். இன்னொரு இழுப்பு. விட்டாள். பிறகு கயிறு அப்படியே நின்றது. குமிழிகள் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. பெரியகருப்பன் கொடுத்துவிட்டுப் போன கடிகாரத்தை வைத்துக்கொண்டு கார் டிரைவர் நிமிசத்தை எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு.

கயிறு இரண்டு தடவை வெட்டி இழுபட்டது.

செவந்தி இழுப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து ஐயனார் இழுத்துவிட்டான். அவள் நிறுத்தி நிறுத்தி என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேருமாக இழுத்தார்கள். தொங்குகிற உருளைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பிறகு பச்சைத் தண்ணீருக்குள் கறுப்பாகத் தலை தெரிந்தது. பெரியகருப்பன் படியைப் பிடித்து ஏறி, முகமூடியைக் கழற்றி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். செவந்தி கயிற்றை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இருக்கான் ஆத்தா. எலும்புதான் இருக்கு. எடது கால் வடத்துக்குள்ள மாட்டியிருக்கு."

"கயிறு?"

"அறுக்கல. மேல் நுனியில போட்ட முடிச்சு அப்படியே இருக்கு." அவர் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துலயே சுருள் சுருளா விழுந்து கெடக்கு. அவன் கேக்கக் கேக்க மேலேர்ந்து விட்டுக்கிட்டே இருந்திருக்காங்க."

செவந்திக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தூக்கு, தூக்கு என்று அவன் கேட்டிருக்கிறான். மச்சான் பாசமாகக் கயிறு விட்டிருக்கிறான். கொலை என்றால்கூட ஒருவனைத் திட்டித் தீர்த்திருக்கலாம், இதை யாரிடம் போய்க் கேட்பது என்று பாறையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். மேட்டில் நின்றவர்கள் இறங்கி வரத் தயங்கினார்கள்.

சரசரவென்று ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஐயனார் இன்னும் கட்டைக்குப் பக்கத்திலேயே நின்று இழுத்துக்கொண்டிருந்தான். ஆள் கரையேறியதையோ கயிற்றை அவிழ்த்ததையோ அவன் கவனிக்கவில்லை. ஈரக் கயிறு படியில் புரண்டு புரண்டு வந்து அவன் காலடியில் குவிந்தது. நுனியும் வந்து சேர்ந்தது. அவன் கைகள் ஒன்றுமில்லாததைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இழுத்தன.

செவந்தி எழுந்து போய் அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள்.

"போதும்யா," என்றாள். "அவரு மேல வந்துட்டாரு."